வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டுக் கரியை நிறுத்தினால் சுரங்க வேலை பெருகுமா?

நிலக்கரி இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலையைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கணக்கு வரும் இடங்களில் அதை முழுதாகவே போட்டிருக்கிறோம். பேனாவும் தாளும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நம் நாட்டு மண்ணுக்கடியில் இவ்வளவு கரி இருக்கும்போது, கப்பல் கப்பலாக இந்தோனேசியாவிலிருந்து வாங்குகிறோம். ஒரே உத்தரவில் இதை நிறுத்திவிட்டால் என்ன? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கரி என்று ஒரு பெயரில் சொன்னாலும், கப்பலில் வந்து இறங்குவது ஒரே சரக்கு அல்ல. 2024-25 நிதியாண்டில் இந்தியா வெட்டியெடுத்தது 104 கோடி டன்னுக்கு மேல். இறக்குமதி சுமார் 24 கோடி டன். இந்த 24 கோடியை வகை பிரித்துப் பார்த்தால்தான் எதை நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது என்பது விளங்கும்.

முதல் வகை, உருக்காலைக்கு வேண்டிய கோக்கிங் கரி. ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் வருகிறது, பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து. காற்றுப்படாமல் சுட்டால் இளகி, ஒட்டி, கெட்டியான கோக்காக மாறும் குணம் இந்தக் கரிக்கு மட்டுமே உண்டு. நம்மிடம் அந்த இனம் ஜார்க்கண்டின் ஜாரியா படுகையில் இருக்கிறது. ஆனால் அதில் சாம்பல் அதிகம். கழுவி எடுத்த பிறகும் 18 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆஸ்திரேலியக் கரியில் 9, 10 சதவீதம்தான். ஜாரியாவின் அடுக்குகளில் 1916 முதல் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. மேலே ஊர்கள் வேறு இருக்கின்றன. உத்தரவு போட்டதும் அங்கிருந்து ஐந்து கோடி டன் வந்துவிடாது.

இரண்டாவது, இறக்குமதிக் கரிக்கென்றே கட்டிய கடலோர அனல் நிலையங்கள். குஜராத்தின் முந்த்ரா தொடங்கித் தூத்துக்குடி, கடலூர் வரை, நாடு முழுக்க 17,000 மெகாவாட்டுக்கு மேல். மூன்றாவது, உள்நாட்டுக் கரிக்காகக் கட்டிய நிலையங்கள், பற்றாக்குறை வரும்போது கலந்து எரிக்க வாங்குவது. நான்காவது, சிமென்ட் ஆலை, ஸ்பாஞ்ச் இரும்பு ஆலை, சாயப்பட்டறை போன்றவை சந்தையில் வாங்குவது.

இவற்றில் மூன்றாவதை உண்மையிலேயே நிறுத்தலாம், நிறுத்திக்கொண்டும் வருகிறார்கள். 2022 ஏப்ரல் கடைசியில் கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பத்து சதவீதம் வெளிநாட்டுக் கரியைக் கலக்கும்படி மாநில மின் நிறுவனங்களை மத்திய அரசே வற்புறுத்தியது. அந்த ஆண்டு உலகச் சந்தையில் உயர்ரகக் கரி டன் 400 டாலரைத் தாண்டியது. இன்று நிலை தலைகீழ். 2025 மார்ச் முடிவில் அரசுச் சுரங்க நிறுவனமான கோல் இந்தியாவின் சுரங்க வாயில்களில் மட்டும் 10 கோடி டன்னுக்கு மேல் கரி எடுக்கப்படாமல் கிடந்தது. இதை மறந்துவிட்டு, கப்பல் நின்றால் சுரங்கத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்று எண்ணக் கூடாது. முதலில் அந்தக் குவியல்தான் கரையும்.

கேள்வி: இறக்குமதிக் கரிக்கான பாய்லரில் ஒடிசாக் கரியைப் போட்டால் எரியாதா? கரி கரிதானே? (மேட்டூர், பொறியியல் மாணவர்)

பதில்: எரியும். எவ்வளவு போட வேண்டும், போட்டபின் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல்.

600 மெகாவாட் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 85 சதவீதச் சுமையில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 22 லட்சம் யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 2,300 கிலோ கலோரி வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 5,000 கிலோ கலோரி தரும் இந்தோனேசியக் கரியில் நாளுக்கு 5,600 டன் போதும். 3,500 கிலோ கலோரி தரும் ஒடிசாக் கரியில் 8,000 டன் வேண்டும். நம் தர வரிசையில் இது ஜி13. அந்தத் தரத்தின் எல்லை 3,401 முதல் 3,700 வரை. ஒரு ரயில் ரேக் சுமார் 4,000 டன் ஏற்றும். ஆக, ஒன்றரை ரேக்குக்கும் குறைவாகத் தேவைப்பட்ட இடத்தில் நாள்தோறும் இரண்டு முழு ரேக்குகள் வந்தாக வேண்டும்.

சாம்பல் கணக்கு இதைவிடக் கடுமை. 8 சதவீதச் சாம்பல் கொண்ட 5,600 டன் கரி 450 டன் சாம்பல் தரும். 40 சதவீதச் சாம்பல் கொண்ட 8,000 டன் தருவது 3,200 டன். ஏழு மடங்கு! இதைப் பிடிக்க மின்புலத் தூசுப் பிடிப்பானும், வெளியேற்றக் குழாய்களும், கொட்ட சாம்பல் குளமும் அதே அளவுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். இறக்குமதிக் கரிக்கென்று கட்டிய நிலையத்தில் அவை சிறியவை. கரி அரைக்கும் மில்கள் 5,600 டன்னை மனதில் வைத்து வாங்கியவை. 8,000 டன் அரைக்கச் சொன்னால் யூனிட்டின் சுமை குறையும். நம் சாம்பலில் குவார்ட்ஸ் மணல் கூடுதல். அது வேகமாக ஓடும் புகையோடு போய் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடேற்றும் எகனாமைசர் குழாய்களை அரித்து ஓட்டை போடும். ஓட்டை விழுந்தால் இரண்டு மூன்று நாள் யூனிட் நிற்கும்.

மறுதிசையிலும் தொல்லை உண்டு. உள்நாட்டுக் கரிக்கான பாய்லரில் இந்தோனேசியக் கரியை அளவு மீறிக் கலந்தால் மில்லுக்குள் தீப்பிடிக்கும். அந்தக் கரியில் ஆவியாகும் பொருளும் ஈரமும் அதிகம். ஈரத்தை உலர்த்தச் சூடான காற்று நிறைய வேண்டும். ஆனால் மில்லிலிருந்து வெளியேறும் தூளின் வெப்பம் 60, 65 டிகிரியைத் தாண்டக் கூடாது. நம் கரியென்றால் 80, 90 டிகிரி வரை கவலை இல்லை. எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கலப்பதைப் பாதுகாப்பான அளவாகக் கொள்வது இதனால்தான். கலப்பதையும் கன்வேயரில் அடுக்கடுக்காக, சீராகச் செய்ய வேண்டும். மில்லுக்குக் கரி ஊட்டும் தொட்டியான பங்கர் ஒன்றில் முழுக்க இது, இன்னொன்றில் முழுக்க அது என்று கொட்டினால் ஒரு மில் மட்டும் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: அரசு நினைத்தால் சட்டப்படி தடை போட முடியுமா? உலக வர்த்தக அமைப்பு என்ன சொல்லும்? (காஞ்சிபுரம், சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: உள்நாட்டுச் சட்டத்தில் தடை இல்லை. 1992-ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டப்படி எந்தச் சரக்கையும் தாராளம், கட்டுப்பாடு, தடை என்று வகை மாற்றி அறிவிக்கலாம். நிலக்கரி இறக்குமதி 1993 முதல் தாராளப் பட்டியலில் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் ஒரே ஒரு நிபந்தனை சேர்ந்தது: கப்பல் வருவதற்கு முன்பே இணையத்தில் பதிவுசெய்து எண் வாங்க வேண்டும். இது கண்காணிப்பு. கட்டுப்பாடு அல்ல. எவ்வளவு கேட்டாலும் எண் தானாகவே கிடைக்கும்.

வெளிநாட்டு ஒப்பந்தங்களில்தான் கட்டு இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை ஒப்பந்தமான காட் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, அளவு வைத்து இறக்குமதியைத் தடுப்பதைப் பொதுவாக விலக்குகிறது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இந்தியா வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடுகள், இந்தப் பிரிவைக் காட்டி அமெரிக்கா அந்த அமைப்பில் தொடுத்த வழக்கில்தான் தோற்றன. 2001 ஏப்ரல் 1-இல் கடைசிப் பகுதியும் நீங்கியது. 19-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் பாதிப்பு வந்தால், விசாரணை நடத்தித் தற்காலிகத் தடுப்பு வைக்கலாம். இங்கேதான் நிலக்கரி வாதம் இடறுகிறது. பாதிக்கப்பட்டேன் என்று யார் வந்து சொல்வது? நாட்டின் கரியில் முக்கால் பங்கை வெட்டும் கோல் இந்தியா 2024-25-இல் ஈட்டிய லாபம் 35,000 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளி நலிந்திருக்கலாம், நிறுவனம் நலியவில்லை. விசாரணை பார்ப்பது நிறுவனத்தின் கணக்கை.

சுங்க வரியை ஏற்றுவது இன்னொரு வழி. அதிலும் ஓட்டை இருக்கிறது. ஆசியான் ஒப்பந்தத்தில் இந்தோனேசியக் கரியும், 2022 டிசம்பர் 29 முதல் நடப்பிலுள்ள ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியக் கரியும் சுங்கமின்றி வருகின்றன. பொது வரியை ஏற்றினால் தென்னாப்பிரிக்கா, ரஷ்யா, அமெரிக்கக் கரிதான் விலை ஏறும்.

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் இந்தோனேசியக் கரி எரிக்கிறோம். வரி மாறியபின் உள்நாட்டுக் கரி மலிவு என்கிறார்கள். மாறலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வரி மாறியது உண்மை. எந்தத் தடையுத்தரவையும்விட இதுதான் அமைதியாக அதிக வேலை செய்கிறது என்பது எங்கள் கருத்து.

2025 செப்டம்பர் 21 வரை எல்லாக் கரிக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும், டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தன. பிறகு செஸ் போய், ஜி.எஸ்.டி. 18 சதவீதமானது. டன் 1,000 ரூபாய் மதிப்புள்ள கீழ்த்தர உள்நாட்டுக் கரிக்கு முன்பு 450 ரூபாய் வரி, இப்போது 180. டன் 6,000 ரூபாய்க்கு வந்திறங்கும் கரிக்கு முன்பு 700, இப்போது 1,080. கல்லுக்கும் கரிக்கும் ஒரே 400 என்று இருந்தது, மலிவான நம் கரிக்கே பாரமாக இருந்தது. அந்த அநீதி தீர்ந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. செஸ்ஸை நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழிக்க முடியாது. அது செத்த செலவு. 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் காட்டலாம். ஆனால் உங்கள் கூலி வேலைக்கு வரி விகிதம் குறைவாக இருந்தால் கழிவு தேங்கிப்போகும். கணக்காளரிடம் கேட்டு அந்தத் தேக்கத்தின் வட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

மாறுவதற்கு முன் பாய்லரைப் பாருங்கள். உங்களுடையது காற்றில் கொதிக்கும் சூடான மணலுக்குள் கரியை எரிக்கும் மணல்படுகை வகை என்றால் மாறுவது கடினமில்லை. படுகை வெப்பம் 850, 900 டிகிரியில் நிற்க வேண்டும். 950 தாண்டினால் சாம்பல் உருகிக் கிளிங்கர் கட்டும். இந்தோனேசியக் கரியில் சாம்பல் குறைவு என்பதால் படுகை மெலியும், அவ்வப்போது புது மணல் போட்டிருப்பீர்கள். நம் கரியில் அது தலைகீழாகும்: படுகை உயரும், விசிறியின் அழுத்தம் ஏறும், ஷிப்டுக்கு ஒருமுறை திறந்த வடிகாலைப் பலமுறை திறக்க வேண்டும். கரியை 6 மில்லிமீட்டருக்குள் நொறுக்க வேண்டும். கல் கலந்து வந்தால் கிரஷர் சுத்தியல் தேயும்; தப்பிப் போன கல் படுகையின் அடியில் உட்கார்ந்து காற்றுத் துளையை அடைக்கும். ஜல்லடையும் காந்தமும் வைக்காமல் தொடங்காதீர்கள். சாம்பலை எடுத்துக்கொள்ளச் செங்கல் அல்லது சிமென்ட் ஆலையோடு முன்கூட்டியே பேசிவையுங்கள். சங்கிலித் தட்டி வகைப் பாய்லர் என்றால் 40 சதவீதச் சாம்பல் கரிக்கு மாற வேண்டாம்; எரியாத கரி சாம்பலோடு போய்விடும்.

வாங்குவதற்கு இரண்டு வழி: கோல் இந்தியாவின் மின்னணு ஏலம், அல்லது ஆண்டுத் தேவை 10,000 டன்னுக்குள் இருக்கும் சிறு ஆலைகளுக்கு மாநில அரசு நியமிக்கும் முகமை. ஏலத்தில் அறிவித்த தரமும் வந்த தரமும் இரண்டு படி வேறுபடுவது புதிதல்ல. ஜி11 என்று காசு கொடுத்து ஜி13 வந்தால், கிலோவுக்கு 600 கிலோ கலோரி போயிற்று. ஏற்றும் இடத்தில் மூன்றாம் தரப்பு மாதிரி எடுக்கும் வசதி உண்டா என்று பார்த்து, அதன் கட்டணத்தைத் தயங்காமல் கட்டுங்கள். விலையை டன்னில் பேசாமல், ஆலை வாசலில் வந்து சேரும் ஆயிரம் கிலோ கலோரிக்கு எத்தனை காசு என்று பேசுங்கள். திருப்பூர் தூரத்துக்கு ஒடிசாக் கரியின் ரயில், லாரிக் கூலி பல நேரம் கரியின் சொந்த விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: கோக்குக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததே, அது சுரங்கத் தொழிலாளருக்காகவா? எங்கள் வார்ப்பாலைக்கு என்ன பாதிப்பு? (கோவை வாசகர்)

பதில்: 2025 ஜனவரி முதல் ஜூன் வரை, சாம்பல் 18 சதவீதத்துக்கும் குறைந்த மெட் கோக் (உலோகம் உருக்கும் உலைகளுக்கான கோக்) மொத்தம் 14 லட்சத்து 27 ஆயிரம் டன்தான் நாட்டுக்குள் வரலாம் என்று நாடுவாரியாகப் பங்கு பிரித்து வரம்பு வைத்தார்கள். பிறகு அதை டிசம்பர் வரை நீட்டித்தார்கள். இது காப்பாற்றியது சுரங்கத்தை அல்ல, கோக் சுடும் உலைகளை. கடலோரத்தில் கோக் சுட்டு விற்பவர்கள் உலையில் போடுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியக் கோக்கிங் கரி. கோக் கப்பல் குறைந்தால் கோக்கிங் கரிக் கப்பல் கூடும். ஜாரியா கரி வெட்டும் தன்பாத்தில் ஒரு ஷிப்ட் கூட இதனால் அதிகமாகாது. உலைத் தொழிலாளரின் வேலையும் மதிப்புள்ளதுதான். ஆனால் அதைச் சுரங்க வேலைக் கணக்கில் எழுதுவது தவறு.

இரும்பு உருக்கும் உங்கள் கியூபோலா உலையில் சாம்பல் கூடிய கோக்கைப் போட்டால் மூன்று மாற்றங்களை எதிர்பாருங்கள். எடைக்கு எடை கார்பன் குறைவு. அதனால் ஒரு டன் கோக்குக்கு பத்து டன் இரும்பு உருக்கியவர் எட்டு டன்னோடு நிற்க நேரிடும். கூடுதல் சாம்பலைக் கசடாக்கச் சுண்ணாம்புக்கல்லை உயர்த்த வேண்டும். கோக் எடையில் கால்பங்கு என்ற பழைய அளவு போதாது. உருகிய இரும்பின் வெப்பம் இறங்கும். மெல்லிய வார்ப்புகளில் ஓரம் நிரம்பாமல் போவது இதனால்தான். காற்றைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இரும்பு ஆக்சிஜனேறிக் கெடும். முதலில் படுகைக் கோக்கின் உயரத்தைக் கூட்டுங்கள். சிறுகோக்கைச் சலித்து ஒதுக்கி, 80 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளை மட்டும் போடுங்கள்.

கேள்வி: வேறு எந்த நாடாவது இறக்குமதியைத் தடுத்துச் சுரங்க வேலையைக் காப்பாற்றியதுண்டா? (திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: முயற்சியில் குறை வைக்காத நாடு மேற்கு ஜெர்மனி. 1957-இல் அங்கே கடினக் கரிச் சுரங்கங்களில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். மறு ஆண்டே கப்பல் கூலி சரிந்து அமெரிக்கக் கரியும், கூடவே எண்ணெயும் மலிவாக வந்து குவிய, குழிவாயில்களில் கரி தேங்கியது. 1959-இல் வரம்புக்கு மேல் வரும் கரிக்குச் சுங்கம் போட்டார்கள். 1968-இல் ரூர் பகுதிச் சுரங்கங்கள் பெரும்பாலானவற்றை ஒரே நிறுவனமாகச் சேர்த்தார்கள். 1975 முதல் ஒவ்வொரு வீட்டு மின் கட்டணத்திலும் 'கரிக் காசு' என்று ஒரு கூடுதல் தொகை. உள்நாட்டுக் கரி எரிக்கும் மின் நிலையத்துக்கு விலை வித்தியாசத்தை அதிலிருந்து கொடுத்தார்கள். உள்நாட்டுக் கரியையே வாங்குவோம் என்று மின் நிறுவனங்களோடு 1995 வரை நீண்ட ஒப்பந்தமும் இருந்தது. 1994-இல் அரசியல் சாசன நீதிமன்றம் கரிக் காசு செல்லாது என்றது. அதன்பின் நேரடி மானியம். 2018 டிசம்பர் 21-இல் போட்ரோப் நகரில் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது.

அறுபது ஆண்டுப் பாதுகாப்பும் வேலைகளைக் காப்பாற்றவில்லை. ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய் வெட்டும் கரி, திறந்தவெளியில் வாரும் ஆஸ்திரேலியக் கரியோடு விலையில் ஒருநாளும் நின்றிருக்காது. ஆனாலும் அந்தப் பணம் வீண் என்று சொல்ல மாட்டோம். அது வாங்கித் தந்தது கால அவகாசம். 50 வயது கடந்த சுரங்கத் தொழிலாளிக்கு, ஓய்வூதியம் தொடங்கும்வரை சில ஆண்டுகள் மாதப்பணம் கொடுத்தார்கள். இளைஞர்களை அடுத்த சுரங்கத்துக்கோ வேறு தொழிலுக்கோ மாற்றினார்கள். பல்கலைக்கழகமே இல்லாதிருந்த ரூர் பகுதியில் 1965-இல் போகூம் பல்கலைக்கழகம் திறந்தது. ஆளைத் தெருவில் விடாமல் ஒரு தொழிலை மூட முடியும் என்பதை அந்நாடு செய்து காட்டியது. நாம் பார்க்க வேண்டியது அந்தச் சுங்க வரியை அல்ல, அந்த மாதப்பணத்தை.

கேள்வி: நான் ஒப்பந்தத் தொழிலாளி. இறக்குமதியைக் குறைத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை வேலை வரும்? நேராகச் சொல்லுங்கள். (நெய்வேலி வாசகர்)

பதில்: முதலில் நெய்வேலியைத் தனியே வைத்துவிடலாம். உங்கள் பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம். கிலோவுக்கு 2,600, 2,700 கிலோ கலோரிதான். தூரம் கொண்டு போனால் தண்ணீருக்குக் கூலி கொடுத்த கதையாகும். அதனால் சுரங்கத்தின் பக்கத்திலேயே எரிக்கிறார்கள். கப்பல் கரி வந்தாலும் நின்றாலும் நெய்வேலியின் வெட்டு அளவு மாறாது.

மற்றச் சுரங்கங்களுக்குக் கணக்குப் போடுவோம். 5 கோடி டன் இறக்குமதியை முழுதாக நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். 5,000 கிலோ கலோரிக் கரிக்கு ஈடாக 3,700 கிலோ கலோரிக் கரி வேண்டுமென்றால், 6 கோடியே 75 லட்சம் டன் கூடுதலாக வெட்ட வேண்டும். கோல் இந்தியா 2024-25-இல் 78 கோடி டன் வெட்டியது. நிரந்தரத் தொழிலாளர் சுமார் 2.2 லட்சம். ஆளுக்கு ஆண்டுக்கு 3,500 டன். அந்த விகிதத்தில் 19,000 வேலை. ஆனால் இந்தச் சராசரியில் பழைய நிலத்தடிச் சுரங்கங்களும் அடக்கம். நிறுவனத்தின் உற்பத்தியில் அவை மூன்று, நான்கு சதவீதம்தான் தருகின்றன, ஆட்களையோ நிறைய வைத்திருக்கின்றன. புதிய கரி அங்கிருந்து வராது. சத்தீஸ்கரின் கேவ்ரா போன்ற ராட்சதத் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்துதான் வரும். அங்கே ஷவலும் டம்பரும்தான் வேலை செய்கின்றன. ஆகவே உண்மை எண்ணிக்கை 19,000-த்துக்கு வெகு கீழே இருக்கும். அதிலும் பெரும்பகுதி ஒப்பந்த வேலையாகவே வரும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் கோல் இந்தியாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 20 கோடி டன் வெட்டினார்கள். ஆள் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, கரி நான்கு மடங்கு ஆனது. நான்கு லட்சம் வேலை போனது கப்பலால் அல்ல. நிலத்தடியை விட்டுத் திறந்தவெளிக்கு மாறியதும், எந்திரமும், ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்ததும் சேர்ந்து செய்த வேலை அது. இறக்குமதித் தடை இதில் எதையும் தொடாது. சங்கங்கள் தங்கள் வலிமையைத் தடை கேட்பதில் செலவிடுவது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

கேட்டால் பலன் தரக்கூடியவை வேறு. 2023 மே மாதம் கையெழுத்தான பதினோராவது ஊதிய ஒப்பந்தம் நிரந்தரத் தொழிலாளருக்கு 19 சதவீத உயர்வை 2021 ஜூலை 1 முதல் தந்தது. ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கோல் இந்தியாவில் உயர்மட்டக் குழு நிர்ணயித்த தனிக் கூலி உண்டு. அது காகிதத்தில் இருக்கிறது. கைக்கு வருகிறதா என்பதே போராட வேண்டிய இடம். கூலி வங்கிக் கணக்கில் விழ வேண்டும். பெயர் சுரங்கத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரரின் நோட்டில் மட்டும் இருந்தால் போதாது. வருங்கால வைப்பு நிதி எண்ணும் தொழிற்பயிற்சிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். விபத்து நடந்த நாளில் இந்த நான்கும் இல்லாதவர் அங்கே வேலை செய்ததாகவே நிரூபிக்க முடியாமல் போகிறது.

அடுத்தது கரியின் மீதான பணம். மாநிலத்துக்கு ராயல்டி 14 சதவீதம். பழைய குத்தகைகளில் அந்த ராயல்டியில் 30 சதவீதத் தொகையை மாவட்ட கனிம அறக்கட்டளைக்குத் தனியே கட்ட வேண்டும். மூடப்போகும் சுரங்கத்தின் ஊர்களுக்கு, ஜெர்மனி கொடுத்தது போன்ற மாதப்பணத்தையும் மறுபயிற்சியையும் தருவதற்கு இதைவிடப் பொருத்தமான பணம் இல்லை. சுரங்கம் மூடும் திட்டத்துக்கென எஸ்க்ரோ கணக்கில் (குறித்த செலவுக்கு மட்டுமே எடுக்கக்கூடிய பூட்டிய கணக்கில்) கட்டும் தொகையும் உண்டு. எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் சுரங்கவாரியாகக் கேளுங்கள்.

உண்மையாகவே ஆள் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: கோக்கிங் கரியைக் கழுவும் ஆலைகளும், ஜாரியாவின் நெருப்பை அடக்கி மக்களைக் குடியமர்த்தும் பணியும். 85 சதவீதமாக இருக்கும் கோக்கிங் கரி இறக்குமதிச் சார்பை 2030-31-க்குள் 65 ஆகக் குறைப்போம் என்று 2017-இன் தேசிய உருக்குக் கொள்கை சொல்கிறது. அதைக் கழுவும் ஆலை கட்டாமல் எட்ட முடியாது. கழுவினால் டன்னுக்கு ஏறத்தாழ அரை டன்தான் நல்ல கரி. மிச்சத்தை எரிக்கப் பக்கத்திலேயே மின் நிலையம் வேண்டும். இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலை, ஆனால் வேலை தரும் செலவு.

கேள்வி: இறக்குமதி குறைந்தால் துறைமுகத்தில் எங்கள் பிழைப்பு போய்விடுமா? (தூத்துக்குடி, லாரி ஓட்டுநர்)

பதில்: தமிழ்நாட்டு மின்வாரியத்தின் உள்நாட்டுக் கரியும் கடல் வழியாகத்தான் வருகிறது. ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப்புக்கு, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும். அதனால் கப்பல் எண்ணிக்கை குறையாது. டன்னுக்கு வெப்பம் குறைவு என்பதால் கூடவே செய்யலாம். ஆனால் அனல் நிலையத்துக்கான கரி மேடையிலிருந்து கன்வேயரே கரியை நேராக உள்ளே கொண்டுபோய்விடுகிறது. லாரிக்கு வேலை தருவது பொதுச் சரக்குத் தளத்தில் கிரேன் இறக்கும் இறக்குமதிக் கரி: சிமென்ட் ஆலைக்கும் சிறு ஆலைகளுக்கும் போவது. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கரியை. மின் நிலையங்கள் கலப்பதற்காக வாங்கும் இறக்குமதி குறைந்தால் உங்கள் நடை அவ்வளவாகக் குறையாது. சிமென்ட் ஆலைகள் ரயிலில் வரும் உள்நாட்டுக் கரிக்கு மாறினால் குறையும்.